ஊதிக் காட்டிய வாய்

என் வயதுக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஆயுத பூஜையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பொரி, கடலை, வாழைக்கன்று கட்டிய லாரியில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று, அந்தக் காலம் இனி வருமா என்று கேட்பார்கள். வராமல் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும். அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்துதான். என்றாலும் எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. கொஞ்சம் நிலமும் ஒரு பழைய லாரியும் இருந்தன. லாரி செங்கல் காளவாசலில் கல் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும். வண்டியின் நெற்றியில் பெரியப்பாவின் பெயர் எழுதியிருக்கும். அதன் அடியில் மல்லாக்கப் படுத்து கிரீஸ் அடைப்பது சித்தப்பா.

சித்தப்பா மீசை அரும்பும் முன்பே அந்த வண்டியில் கிளீனராக ஏறியவர். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்திருந்தார். ஆனாலும் வண்டிக்கு வெளியாள் ஒருவர்தான் டிரைவர். அந்த வருஷம் அவர் சொந்த ஊருக்குப் போய்விட, சீட் காலியாகக் கிடந்தது.

"ஆயுத பூசை அன்னைக்கு நல்ல நேரத்துல நீயே வண்டிய எடு. அன்னையிலருந்து நீதான் டிரைவரு" என்று பெரியப்பா சொன்னார்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் கொட்டாம்பட்டியில் பெண் பேசினார்கள். விவசாயக் குடும்பம். பெண்ணின் அப்பா கறாரான ஆள். கிளீனருக்குப் பெண் கொடுக்க மாட்டேன், டிரைவர் என்றால் கொடுப்பேன், பூஜை அன்று நானே வந்து மாப்பிள்ளை அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சித்தப்பாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் எலுமிச்சம்பழத் தோலை வைத்து நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் போகவில்லை. "மதினி, கையப் பாத்து வேணாம்னு சொல்லிருவாங்களா?" என்று என் அம்மாவிடம் கேட்பார். அம்மா, "கையப் பாத்துத்தான் தம்பி குடுக்கிறாங்க" என்பாள்.

பூஜைக்கு வண்டியைத் தயார் செய்வது பெரிய வேலை. சித்தப்பா அதை விடியலிலேயே தொடங்கினார். முதலில் ஆயில் மாற்றினார். பழைய ஆயில் அலுமினியச் சட்டியில் கொழகொழவென்று இறங்கியது. கறுப்பு என்றால் கறுப்பு. அதில் ஒரு வண்டு விழுந்து காலை ஆட்டிக்கொண்டே செத்தது. பெரியம்மா அதைக் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு, கரையானுக்கு ஊற்றலாம் என்று சட்டியைத் தூக்கிப் போனாள். அந்தச் சட்டியில்தான் மறுநாள் மாட்டுக்குத் தவிடு கலந்தார்கள்.

பிறகு டீசல் பில்டர். உள்ளே இருந்த பழைய கம்பளித் துண்டை அவர் இரண்டு விரலால் உருவி எடுத்தபோது, வாய்க்காலில் ஊறிய செத்த எலியைத் தூக்குவது போல இருந்தது. சொட்டச் சொட்ட எடுத்து வேலியில் எறிந்தார். புதியதைப் போட்டு மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, பெரியப்பாவிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கிறேன். பில்டர் மாத்துனா டீசல் கொழாயில காத்துப் பிடிக்கும்."

"என்னது?" பெரியப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். நுரையைத் துப்பினார். "சாமி கும்பிடுறதுக்கு முன்னாடி வண்டிய உறும விடுவியா? நல்ல நேரத்துலதான் மொத ஸ்டார்ட்டு. போயி கழுவு."

சித்தப்பா போய்க் கழுவினார். எங்கள் வீட்டில் எல்லா விஷயமும் இப்படித்தான் நடக்கும். தெரிந்தவர் கேட்பார், தெரியாதவர் பதில் சொல்வார், தெரிந்தவர் சரி என்பார்.

எங்கள் வீட்டில் காப்புக் கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளை நூலை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, வேலை செய்யும் எல்லாப் பொருளிலும் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டினால் மூன்று நாளைக்கு அவிழ்க்கக் கூடாது. அதைப் பெரியப்பாதான் கட்டுவார். வேறு யாரையும் விடமாட்டார். மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பானர், ஜாக்கி, அம்மாவின் அருவாமனை, எதைப் பார்த்தாலும் கட்டுவார். அன்று லாரியின் ஸ்டீயரிங்கில் கட்டினார், ஹாரனில் கட்டினார், பானெட்டைத் திறந்து உள்ளேயும் கையை விட்டார். முழங்கை வரை மஞ்சள் வழிய, இன்ஜினில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் நூலால் இழுத்து இழுத்துச் சுற்றினார். சந்தனத்தை அப்பினார். குங்குமத்தை அப்பினார். இன்ஜினுக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது.

கொட்டாம்பட்டிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பழப் பை. வேப்பமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதிகம் பேசவில்லை. கண் மட்டும் சித்தப்பா போகிற இடமெல்லாம் போனது.

மாமாவும் வந்திருந்தார். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. திருப்பரங்குன்றத்தில் ஒரு கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் லாரி சீட் மேல் ஒரு கண் இருந்தது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் அவர் வந்தால் மிட்டாய் வரும் என்பதுதான். அன்று வரும்போதே வாயில் ஏலக்காயும் பாக்குமாக மென்றுகொண்டு, வைக்கோல் படப்புக்குப் பின்னால் அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தார். போகும்போது சும்மா போவார். வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

நல்ல நேரம் வந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சந்துப் பிள்ளைகள் எல்லாம் புதுச் சட்டையோடு வண்டியின் பின்னால் ஏறி நின்றோம். பூஜை முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றி மெயின் ரோட்டில் முதல் சுற்று போவார்கள். பெரியப்பா பூசணிக்காயைப் போட்டு உடைத்தார். சித்தப்பா சீட்டைத் தொட்டுக் கும்பிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

மறுபடி. பிடிக்கவில்லை.

"மாப்ள, பொண்ணு வீட்டுக்காரரப் பாத்து வண்டிக்கு வெக்கம் வந்துருச்சு" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கொட்டாம்பட்டிக்காரரும் சிரித்தார். அவர் சிரித்ததால் சித்தப்பாவும் சிரித்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"காத்துப் பிடிச்சிருக்குண்ணே. எடுத்துர்றேன், ஒண்ணுமில்ல" என்று சித்தப்பா இறங்கினார்.

அவர் அன்று செய்த வேலை ஒன்றுகூடத் தப்பில்லை. அதைப் பிற்பாடு வண்டி வேலை தெரிந்த எத்தனையோ பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தார். முதலில் நுரை வந்தது. நுரை நிற்கும் வரை அடித்தார். சுத்தமான டீசல் வழிந்தது. திருகை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். பிடிக்கவில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகிற குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு, மாமாவைச் சாவி திருகச் சொன்னார். அந்த இடத்தில் டீசல் துளித்துளியாகத் தெறிக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பம்பு வரைக்கும் டீசல் வருகிறது, பம்பிலிருந்து வெளியே போகவில்லை. சித்தப்பா அங்கேயே தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பின் மேல் மஞ்சள் நூல் கட்டை விரல் கனத்துக்குச் சுற்றியிருந்தது.

"அண்ணே, பம்பு மேல இருக்க காப்ப மட்டும் அவுத்துக்கிறவா? பாக்க வசதியா இருக்கும்."

"காப்புல கைய வச்ச, வெட்டிருவேன்" என்றார் பெரியப்பா. "மூணு நாளைக்குத் தொடக்கூடாதுன்னு தெரியாதா? நீ பில்டரக் கழட்டி நாசம் பண்ணிட்டு சாமி மேல பழியப் போடுறியா?"

"இல்லண்ணே" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை அதைச் சுற்றி வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்.

தள்ளிப் பார்த்தார்கள். ஊர் ஆம்பளைகள் எல்லாம் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கழுவிய தண்ணீரில் சேறாகிக் கிடந்த இடத்தில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து சித்தப்பாவைத் திட்டினார்கள். வண்டி சந்துக்குள் கொஞ்சம் முன்னால் போய் நின்றதோடு சரி. அப்பாதான் மெதுவாக, டவுனிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வரச் சொல்லி ஒருவரை மொபெட்டில் அனுப்பினார்.

மெக்கானிக் வருவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று சித்தப்பாவுக்கு வெறி வந்துவிட்டது. வேறு எங்கே கோளாறு இருக்க முடியும்? டேங்கிலிருந்து வரும் குழாயில் அழுக்கு அடைத்து டீசல் போதுமான வேகத்தில் வரவில்லையோ என்று நினைத்தார். வண்டிக்கு அடியில் படுத்து, குழாயைக் கழற்றி, வாயை வைத்து உறிஞ்சினார். கன்னம் இரண்டும் குழி விழுந்தது. ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. இன்னும் பலமாக உறிஞ்சினார். வந்துவிட்டது. வாய் நிறைய வந்து தொண்டைக்குள்ளும் போய்விட்டது.

அவர் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டு, பூஜைக்குப் போட்ட மாக்கோலத்தின் மேலேயே குடலைப் புரட்டி வாந்தி எடுத்தார். காலையில் தின்ற இட்லியும் பொரியும் மஞ்சள் எண்ணெயில் மிதந்தன. ஒரு நாய் வந்து மோந்து பார்த்து, தும்மிவிட்டுப் போனது. கோழி ஒன்று வந்து பொரியை மட்டும் கொத்திக்கொண்டு போனது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரியிலிருந்து இறங்கிவிட்டேன்.

ஒருவர்கூட அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. கண் செருக, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றார்.

"குடிச்சிருக்கான்" என்றது ஒரு குரல்.

யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சொல் வந்ததும் கூட்டத்துக்கு ஒரு நிம்மதி வந்தது. வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்கு எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. குடித்துவிட்டு சாமி வண்டியைத் தொட்டிருக்கிறான்.

"டீசலுண்ணே. டீசலு உள்ள போயிருச்சு" என்றார் சித்தப்பா. நாக்குத் தடித்துப்போய்ச் சொல் குழறியது. அது குடிகாரன் பேச்சு போலவே இருந்தது.

பெரியப்பா வந்தார். மாடு வாங்குகிறவன் தாடையைப் பிடிப்பது போல சித்தப்பாவின் இரண்டு கன்னத்தையும் அழுத்தி வாயைத் திறந்தார்.

"ஊதுறா."

சித்தப்பா ஊதினார். பெரியப்பா மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "என்னமோ வாடை அடிக்குது. டேய், நீ பாரு" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா எட்டியே நின்று மூக்கை லேசாக நீட்டினார். "எனக்கு ஜலதோசம்ணே. வாடையே தெரியல" என்றார். அப்பாவுக்கு அன்று ஜலதோஷம் இல்லை. காலையில் பொங்கல் தீய்ந்ததை அடுப்படிக்கு வெளியிலிருந்தே மோப்பம் பிடித்துச் சொன்னவர் அவர். என் அப்பாவைப் பற்றி எனக்கு எத்தனையோ நல்ல ஞாபகங்கள் உண்டு. அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றின் மேலும் எண்ணெய் போலப் படர்ந்து கிடக்கிறது.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று மாமா வந்தார். சித்தப்பாவின் முகத்தோடு முகம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பூவை மோந்து பார்ப்பது போல இழுத்தார். "சாராயம். சந்தேகமே இல்ல. நல்ல சரக்குதான்."

மாமாவின் பக்கத்தில் நின்ற எனக்கே அந்த நெடி வந்தது. அது யார் வாயிலிருந்து வந்தது என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். "மாமாகிட்டத்தான் வாடை அடிக்குது" என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவளுக்கும் தெரியும். அவள் தம்பி ஆயிற்றே.

பிறகு வரிசையாக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், சேற்றில் விழுந்தவர்கள், பால்காரர். ஒவ்வொருவருக்கும் சித்தப்பா வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். ஒருவர் எண்ணெய் என்றார். ஒருவர் சாராயத்தில் எண்ணெயைக் கலந்து குடித்திருக்கிறான் என்றார். யாரும் சொல்லாமலே சித்தப்பா அடுத்த ஆளுக்கு வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டார். உதடு ஓரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட யாரும் நேரம் கொடுக்கவில்லை.

கடைசியில் பெரியப்பா வேப்பமரத்தடிக்குப் போனார்.

"சம்மந்தி, நீங்களே வந்து பாத்துருங்க. நாளைக்கு மறைச்சுட்டோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

இதைச் சொல்லும்போது பெரியப்பாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. தான் நேர்மையான மனிதன் என்று அவர் அந்த நிமிஷம் நிஜமாகவே நம்பினார். இப்போது நினைத்தால் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த முகம்தான் அருவருப்பாக இருக்கிறது.

கொட்டாம்பட்டிக்காரர் எழுந்து வந்தார். சித்தப்பா அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சமாகத் திறந்து ஊதினார். அவர் மோந்து பார்த்தார். துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"எண்ணெய் வாடையா, சாராய வாடையான்னு எனக்குத் தெரியலைங்க" என்றார். "தெரியாத எடத்துல நான் எப்புடி வாக்குக் குடுக்கிறது? வாரேன்."

பழப் பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, சந்து வழியாக மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் வந்தார். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அதனால் கடையில் பூஜை கிடையாது, அன்று சும்மா இருந்திருக்கிறார். வளவளவென்று பேசுகிற ஆள். "என்னண்ணே, மாரியம்மன இன்ஜினுக்குள்ள குடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். சந்தனத்தைத் துணியால் வழித்தார். பம்பைப் பார்த்தார். சித்தப்பா கழற்றிப் போட்டிருந்த குழாயையும் நட்டையும் பூட்டி, கைப் பம்பை அடித்துக் காற்றை எடுத்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து நூலை வெட்டிப் போட்டார். பெண்கள் "ஐயையோ" என்றார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அந்த லாரியை நிறுத்தச் சாவி உதவாது. டிரைவர் காலடியில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி வழியாகப் பம்பில் உள்ள சின்னக் கொக்கி பின்னால் சாயும், டீசல் நின்றுவிடும். கடைசியாக வண்டியை நிறுத்திய பழைய டிரைவர் குமிழை இழுத்தபடியே விட்டிருக்கிறார், அதுதான் பழக்கம். சாய்ந்து கிடந்த அந்தக் கொக்கியைப் பக்கத்துக் குழாயோடு சேர்த்துப் பெரியப்பா காப்புக் கட்டிவிட்டார். நல்ல நேரத்தில் சித்தப்பா குமிழை உள்ளே தள்ளினார், குமிழ் போனது, கொக்கி வரவில்லை. மெக்கானிக் இதை எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னார். "கட்டுன ஆளு நல்லாத்தான் இறுக்கிக் கட்டியிருக்காரு. வேற ஒரு கோளாறும் இல்ல. பில்டரு வேல சுத்தமா இருக்கு."

ஒருவருக்கும் காதில் விழாதது போல இருந்தது. ஸ்டார்ட் ஆன வேகத்தில் கரும்புகை குபுகுபுவென்று வெளியே வந்து பொரி, சுண்டல், பெண்களின் சேலை எல்லாவற்றின் மேலும் கரியாக இறங்கியது. சுண்டலை ஊதிவிட்டுத் தின்றார்கள்.

"அவரு இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் இருப்பாரு. நான் வண்டியில போயி கூட்டிட்டு வாரேண்ணே" என்றார் சித்தப்பா.

"நீ மொதல்ல போயி வாயக் கழுவு" என்றார் பெரியப்பா. "குடிச்சவன் கையில சாமி வண்டியக் குடுப்பேனா? மாப்ள, நீ ஏறு."

ஏறியது மாமா. ஏறும்போது படியில் கால் வழுக்கி, கதவைப் பிடித்துத் தொங்கி, அப்புறம் ஏறினார். பக்கத்து சீட்டில் பெரியப்பா உட்கார்ந்தார். பிள்ளைகள் பின்னால் ஓவென்று கத்தினார்கள். நான் ஏறவில்லை.

சித்தப்பா தொட்டியடியில் சாம்பலைப் போட்டு வாயைத் தேய்த்தார். துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தார். ஈறில் ரத்தம் வந்தது. பிறகு ஈரச் சட்டையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அம்மா என் கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து, "சித்தப்பாகிட்ட குடு, வாய் கசக்கும்" என்று அனுப்பினாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவள் வெல்லம் கொடுத்து அனுப்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

லீவு நாள், பஸ் குறைவு. கொட்டாம்பட்டிக்காரர் புளிய மரத்தடியில் நின்றிருந்தார். சித்தப்பா அவர் முன்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது எங்கள் லாரி வாழைக்கன்று ஆட, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைந்து வளைந்து போனது. எதிரே வந்த சைக்கிள்காரர் குதித்து ஓடினார். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கொட்டாம்பட்டிக்காரர் அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்புடி ஸ்டார்ட் ஆச்சு?"

சித்தப்பா சொன்னார். நூல், கொக்கி, எல்லாம்.

"அந்தா ஓட்டிட்டுப் போறானே, அவன் வாய யாரு மோந்து பாத்தா?"

சித்தப்பா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெல்லம் உள்ளங்கையில் உருகிப் பிசுபிசுத்தது.

"ஒன்னய நான் நம்புறேன் மாப்ள" என்றார் அவர். "ஒங்க வீட்டத்தான் நம்பல. இன்னைக்கு ஒன் வாயத் தொறந்து பாத்தவங்க, நாளைக்கு எம் பொண்ணு வாயவும் தொறந்து பாப்பாங்க."

"நான் தனியா வந்துட்டா?" சித்தப்பா குரல் சின்னதாக வந்தது.

அவர் யோசித்தார். "இப்பவே எங்கூட வா. ஒனக்கு லைசென்ஸ் இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் லாரிக்குப் பஞ்சமில்ல. வா, மத்தத அங்க போயி பேசுவோம்."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டு கையை நீட்டினார். சித்தப்பா கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போ, போ என்று நான் மனதுக்குள் சொன்னேன். வெளியே சொல்ல வாய் வரவில்லை.

லாரி சுற்று முடிந்து திரும்பி வந்திருந்தது. எங்கள் சந்துக்குள் வண்டியைத் திருப்ப இடம் இல்லை, ரோட்டிலிருந்து பின்னாலேயேதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாமா எடுத்தார். சந்து முனை வீட்டுச் சுவரில் மடார் என்று இடித்தார். முன்னால் வந்து மறுபடி எடுத்தார். பின் சக்கரம் சாக்கடை ஓரத்துக்கு இறங்கியது. பிள்ளைகள் அலறினார்கள். பெரியப்பா கதவைத் திறந்து நின்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார்.

"டேய்! அங்க என்னடா நிக்கிற? வந்து வண்டியப் பின்னால எடுறா! இவனால ஆகல!"

சித்தப்பா காலைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமா, பிள்ளைக இருக்கு. வண்டிய விட்டுட்டு ஒரு நிமிசத்துல வந்துர்றேன்" என்றார் கொட்டாம்பட்டிக்காரரிடம்.

"இது ஒரு நிமிசத்துல முடியாது மாப்ள" என்றார் அவர்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. கொட்டாம்பட்டிப் பேச்சு அதோடு முடிந்தது. பெண்ணை அடுத்த தையில் வேறு இடத்தில் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

சித்தப்பா ஓடினார். மாமாவை நகர்த்திவிட்டு சீட்டில் ஏறினார். சாக்கடை ஓரத்திலிருந்து சக்கரத்தை நோகாமல் மேலே கொண்டுவந்தார். கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். அந்தக் குறுகல் சந்தில், இரண்டு பக்கமும் சுவரில் ஒரு மயிரிழைகூட உரசாமல், ஒரே ஓட்டமாகப் பின்னால் எடுத்து வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்களும் தட்டினார்கள். மாமா விசில் அடித்தார்.

பெரியப்பா இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, "பாத்தீங்களா, இப்பத்தான் போதை எறங்கியிருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சீட்டில் இருந்தபடியே சிரித்தார்.